அழகுமீனாளின் தூண்டிலில் கண்மாய்

கீரனேந்தல் கண்மாய் அழகுமீனாளின் தூண்டிலில் மாட்டிய அன்று செவ்வாய்க்கிழமை. ரேஷன் கடையில் பாமாயில் போட்ட நாள் என்பதால் ஊரில் பாதிப் பேர் பையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம், மீதிப் பேர் சந்தைக்குப் போயிருந்தார்கள், ஆகவே அதைக் கண்ணால் பார்த்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள நாலு ஆடுகளும், குளித்துவிட்டுக் கரைமேல் தலை துவட்டிக்கொண்டிருந்த நீர்க்கட்டி சாத்தையாவும் மட்டும்தான். மடையைத் திறப்பது, அடைப்பது, யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பது எல்லாம் சாத்தையாவின் வேலை. ஈரத்துண்டோடு வரிசைக்கு வந்து, "கம்மா ஒரு முழம் நகந்துருச்சுப்பா" என்றான். "எந்தப் பக்கம்?" என்று கேட்டோம். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை, எங்கள் ஊரில் தண்ணீரைப் பற்றிய எந்தச் சேதிக்கும் முதல் கேள்வி அதுதான்.

"கடைமடைப் பக்கம்" என்றான் சாத்தையா. பாமாயிலை விட்டுவிட்டு ஓடினோம்.

நான் மேலமடைக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்துவிட்டான் என்று பேச்சு வரக்கூடாது. எங்கள் கண்மாய்க்கு ஒரே மடை, மடைக்கு இரண்டு கண். மேல்கண்ணில் வரும் தண்ணீர் கரையை ஒட்டியிருக்கும் எங்கள் பதினாலு பேர் வயலுக்குப் பாயும். கீழ்க்கண்ணில் வரும் தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தொள்ளாயிரம் எட்டுத் தூரம் நடந்து கடைமடைக்குப் போகவேண்டும். மூன்று வருஷமாக அது போகவில்லை. கடைமடைக்காரர்கள் ஒவ்வொருவராக வயலைக் கருவேலத்துக்கு விட்டுவிட்டு வெளியூர் போய்விட, மிஞ்சியது மலைச்சாமி அண்ணனும் அவர் மனைவி அழகுமீனாளும்தான், அவள் எனக்கு மதினி முறை. மழையை நம்பி விதைத்த இந்தப் போகமும் கருகினால் நிலத்தைச் சோலார் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பூர் போய்விடுவது என்று அண்ணன் முடிவு கட்டியிருந்தார். மதினிதான் விடவில்லை. "ஒரே ஒரு தண்ணி. பால் பிடிக்கிற நேரத்துல ஒரு தண்ணி பாஞ்சிட்டா நெல்லு நின்னுரும். நெல்லு நின்னா நாமளும் நின்னுருவோம்" என்று அவரிடமும் சொன்னாள், சாத்தையாவிடமும் சொன்னாள், எங்களிடமும் சொன்னாள்.

கீழ்க்கண்ணில் என்றைக்குத் தண்ணீர் வந்தாலும் யாரும் மறித்துவிடாமல் இருக்க, மடையடியை விட்டு நகர்வதில்லை என்று மதினி முடிவு கட்டினாள். ஒரு பொம்பளை காலையிலிருந்து பொழுது சாயும்வரை மடையடியில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஊர் நாலும் பேசும். மடைக்குக் காவலாக உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னாலோ எங்களுக்கு ரோஷம் வந்துவிடும். ஆகவே அவள் மீன் பிடிக்க உட்கார்ந்தாள். அதுவரை அவள் மீனைச் சட்டியில்தான் பார்த்திருந்தாள். சந்தையில் தூண்டில் முள் விற்கிற லூர்து அவளுக்கு ஒரு மூங்கில் கம்பும் தங்கூஸ் நரம்பும் மயிலிறகுத் தண்டில் ஒரு மிதப்பும் கொடுத்து, நிழல் தண்ணீரில் விழாமல் உட்காரவேண்டும், காலைத் தட்டி நடக்கக்கூடாது, புழுவை முள்ளில் கோத்தபின் வால் கொஞ்சம் நெளிய விடவேண்டும், இரை சேற்றில் படாமல் ஒரு சாண் மேலே தொங்குகிற மாதிரி மிதப்பை ஏற்றிக் கட்டவேண்டும், ஓடுகிற தண்ணீரில் போடாமல் ஓட்டம் வந்து சுழன்று அடங்குகிற ஓரத்தில் போடவேண்டும், மிதப்பு ஆடினால் அது மீன் ருசி பார்ப்பது, பேசாமல் இருக்கவேண்டும், மிதப்பு முங்கிப் போனால் அது மீன் வாங்கிக்கொண்டது, அப்போது இழுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினான். கடைசியாக, "பெருசா சிக்குச்சுன்னா மல்லுக்கட்டாதீங்கக்கா, விட்டுப் பிடிங்க" என்றும் சொன்னான்.

மடைக்கு வெளிப்புறம், தண்ணீர் விழுந்து விழுந்து பள்ளமான மடைக்குழியில், கீழ்க்கண்ணுக்குப் பக்கத்தில் அவள் தூண்டிலைப் போட்டாள். இடம் சரியான இடம், புதிதாய்ப் பிடிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கண்ணிலிருந்து ஒழுகுகிற கொஞ்சத் தண்ணீருக்குப் பொடிமீன்கள் எப்போதும் அங்கே மொய்த்துக்கிடக்கும். நாங்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என்ன மதினி, பேருலயே மீனை வச்சுக்கிட்டு மீன் வரமாட்டேங்குதா?" என்று சீண்டுவோம். "வரும் கொழுந்தனாரே, மீனுக்கு அவசரமில்ல. உங்களுக்கு ஏதும் அவசரமா?" என்பாள். முகத்தில் சிரிப்பு இருக்கும், கண் மடையில் இருக்கும். நாங்கள் போய்விடுவோம்.

பத்து நாளில் அவள் பிடித்தது ஏழு ஜிலேபிக் கெண்டை. பதினோராம் நாள் கரையோரம் எங்கே வெட்டியும் புழு கிடைக்காமல், வீட்டுக்குப் போய்த் தன் வயலில், வெடித்துப்போன மண்ணில், வரப்பு நிழலில் முழங்கை ஆழம் தோண்டி ஒரே ஒரு புழுவை எடுத்துவந்து கோத்தாள். மூன்று வருஷமாகக் கண்மாய்த் தண்ணீர் படாத மண்ணின் புழு அது. மிதப்பு ஆடியது, பேசாமல் இருந்தாள், ஆடியது, பேசாமல் இருந்தாள், முங்கியது, இழுத்தாள். மீன் வரவில்லை. கரை வந்தது, கரைமேல் நின்ற பனைமரங்கள் வந்தன, அய்யனார் கோயிலும் மண்குதிரைகளும் வந்தன, அந்தப் பக்கம் தண்ணீரில் நின்ற கொக்குகள் தரையில் நின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு முழம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் வாய்க்கால் வரப்பில் கம்பை நெஞ்சில் அணைத்தபடி நின்றிருந்தாள். நரம்பு விறைத்து நின்றது. "மதினி, விட்டுருங்க" என்றோம். "எதை?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் ஒரு எட்டு வைத்தாள். கண்மாயும் ஒரு எட்டு வைத்தது, முதல் வயலின் வரப்பு கரைக்கு அடியில் போய்விட்டது.

ஊர் கூடியது. இப்படியும் நடக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத் தமிழாசிரியர், கண்மாய் என்பது கண்வாய் என்பதிலிருந்து வந்தது, கண்ணும் வாயும் இருக்கிற ஒன்று இரையைக் கண்டால் கடிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட, அதோடு காரணம் தீர்ந்தது. பாக்கி இருந்த பேச்செல்லாம் அது எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பற்றித்தான். கண்மாய் நகர்ந்தால் எங்கள் வயல்கள் தண்ணீருக்கு அடியில் போகும், அவள் வயல் மேலமடை ஆகும். சாத்தையா அரிவாளோடு நரம்பை அறுக்கப் போனான். அதற்குள் செய்தி கேட்டுச் சந்தையிலிருந்து வந்துவிட்ட லூர்து, "அறுத்துக்கிட்டுப் போன மீன் அந்தப் பக்கமே திரும்பாது. உங்க கம்மா உங்களுக்கு வேணுமா வேணாமா, யோசிச்சுக்கங்க" என்றான். சாத்தையா அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டான்.

பிறகு பழகிவிட்டது. முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தவர்கள் மூன்றாம் நாள் வேலையைப் பார்க்கப் போனார்கள். குளிக்கப் போகிறவர்கள் இன்றைக்குக் கண்மாய் எங்கே என்று விசாரித்துவிட்டுச் சோப்பு எடுத்தார்கள். கரைமேல் போகிற பஸ்ஸின் கண்டக்டர் கண்மாய்க்கரை நிறுத்தத்தை ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் தள்ளிச் சொன்னார். கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தைக் கொண்டுவந்து பென்சிலால் கரையை வரைந்து, மறுநாள் அழித்து, மறுபடி வரைந்து, நாலாம் நாள் ரப்பர் தேய்ந்துபோனதும் 'கண்மாய் நகர்வில் உள்ளது' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பக்கத்து ஊர்க்காரர்கள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டுவந்து, உங்கள் தேவை முடிந்ததும் எங்கள் எல்லைவரை கொண்டுவந்து விடமுடியுமா என்று மலைச்சாமி அண்ணனைக் கேட்டார்கள். அண்ணன் வெற்றிலையை மட்டும் வாங்கிக்கொண்டார். அதுவரை அவரை யாரும் எதையும் கேட்டதில்லை.

மதினி இரண்டு எட்டு இழுப்பாள், ஒரு எட்டு விடுவாள். நரம்பு முனகும்போது விடுவாள், தளரும்போது இழுப்பாள். சோறு அண்ணன் ஊட்டினார். அவள் கண்ணயரும்போது கம்பை அவர் பிடித்துக்கொண்டார், இழுக்காமல், விடாமல். தொள்ளாயிரம் எட்டில் எத்தனை போயிற்று என்று அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தது எங்களுக்குக் கேட்கும். நெல் இன்னும் பத்து நாள் தாங்கும் என்றாள். இரண்டாம் நாள் என் வயல் போயிற்று. பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட்டேன். ஐந்தாம் நாளோடு பதினாலு பேர் வயலும் போய்விட்டன. கரைக்கு அடியில் நெல் ஒடிகிற சத்தம் ஊருக்குள் வரைக்கும் கேட்டது.

இவ்வளவு நஷ்டப்பட்டும் மேலமடைக்காரர்கள் ஏன் அடிதடிக்குப் போகவில்லை என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள், ரொம்பப் பெருந்தன்மை என்றார்கள். பெருந்தன்மையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், கடைமடைக்காரர்கள் எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, நாங்கள் பதினாலு பேரும் மடைக்குழியில் இறங்கிக் கீழ்க்கண்ணுக்குள் ஒரு சாக்கைத் திணித்தோம். அந்த வருஷம் மழை குறைச்சல், ஒரு போகத்துக்கு மட்டும் என்றுதான் பேச்சு. அடுத்த வருஷம் எடுக்கலாம் என்றோம், அதற்கடுத்த வருஷம் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். கண் தூர்ந்துபோய்விட்டது, பொதுப்பணித் துறைக்கு எழுதிப்போட்டிருக்கிறோம் என்று மதினியிடம் சொன்னோம். அவளும் நம்பி, அந்த மனுவில் பெருவிரல் மையோடு கைநாட்டு வைத்தாள். சாத்தையாவுக்குத் தெரியுமா என்றால், அவன் கீழ்க்கண் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்தே பழகியவன்.

ஆகவே தூண்டில் முள் எதில் மாட்டியிருக்கிறது என்று அந்தச் செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். பதினாலு பேருக்கும் தெரியும். ஒருவர் வாய் திறந்து, மதினி, அது சாக்கு, கொஞ்சம் நில்லுங்கள், நாங்கள் எடுத்துவிடுகிறோம், உங்கள் தண்ணீர் உங்களுக்கு வாய்க்காலிலேயே வந்துவிடும் என்று சொல்லியிருந்தால் ஒரு முழத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. பச்சை நெல்லை அறுத்துவிடலாம், அதற்குப் பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பதினாலு வயலையும் வரிசையாகக் கண்மாய்க்குக் கொடுத்தோம். அந்தச் சாக்கு என்னுடையது. அரவை மில்லில் மாறிப்போகாமல் இருக்க எல்லாரையும்போல் நானும் என் சாக்குகளில் நீலப் பெயிண்டில் மு.கா. என்று எழுதியிருப்பேன், முத்தழகு மகன் காசிலிங்கம். இந்த எண்ணம் என்னைச் சாப்பிடவும் விடவில்லை, வாயைத் திறக்கவும் விடவில்லை.

எட்டாம் நாள் கண்மாய்க்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கலங்கி, கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து மிதந்தன. பனைகள் சாய்ந்து நின்றன. எழுநூறு எட்டு வந்திருந்தது. சாத்தையா வாய்க்காலில் இறங்கி அவளுக்கு எதிரே போய் நின்றான்.

"தாயி, வரத்துக்கால் அங்கிட்டே கெடக்கு. கம்மா மட்டும் இங்கிட்டு வந்துருச்சு. அடுத்த மழை பெஞ்சா தண்ணி வெறும் மண்ணுலதான் வந்து விழும். இது நெறையாது, செத்துப்போகும்."

அவள் எண்ணுவதை நிறுத்தினாள். அவள் வயல் அங்கிருந்தே தெரிந்தது, பயிர் நுனி வெளுத்து, வெயிலில் தலை தொங்கி நின்றது. ரொம்ப நேரம் வயலைப் பார்த்தாள், பிறகு மிதக்கிற மீன்களைப் பார்த்தாள்.

"எனக்கு அந்த நெல்லு வேணும் சாத்தையா. அதுக்காக ஊரு கம்மாயக் கொன்னுட்டு நான் எங்க இருக்க? முள்ளு எதுல மாட்டியிருக்குன்னு யாராச்சும் எறங்கிப் பாருங்க. வலிக்காம கழட்டி விட்டுருங்க. எனக்கு இழுக்கத்தான் சொல்லிக் குடுத்தான் லூர்து. கழட்டச் சொல்லித் தரல."

யார் இறங்குவது என்று ஊர் ஒருவரை ஒருவர் பார்த்தது. "நான் எறங்குறேன்" என்றேன். என்ன நல்ல மனசு என்று யாரோ பின்னால் சொன்னார்கள். நல்ல மனசா? முள்ளை மட்டும் மெல்லக் கழற்றிவிட்டு, சாக்கை இழுத்துத் தண்ணீருக்கு அடியில் சேற்றில் மிதித்துப் புதைத்துவிட வேண்டும் என்பதுதான் என் மனசில் இருந்தது.

மடைக்குழியில் கழுத்தளவு இறங்கிக் கீழ்க்கண்ணுக்குள் தோள்வரை கையை விட்டேன். சாக்கு இருந்தது, ஊறிப் பருத்து, கண்ணின் வடிவத்துக்கே இறுகிப்போய் இருந்தது. முள் அதன் மடிப்பில் ஆழமாகக் குத்தியிருந்தது. முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் பார்த்த சின்ன முள் ஒன்று உண்டு, வந்த வழியே இழுத்தால் வராது, உள்ளே தள்ளித் திருப்பித்தான் கழற்ற வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் பிடித்து ஆட்டினேன். ஆட்ட ஆட்ட அந்த ஆட்டம் நரம்பு வழியாகப் போய், மயிலிறகு மிதப்பு ஆடியது. மதினி பேசாமல் இருந்தாள். சாக்கைச் சேர்த்து அணைத்து என் பக்கமாக ஒரே வெட்டாக உருவினேன். மிதப்பு முங்கியது. எட்டு நாளாக இழுத்துப் பழகிய கை, அவளைக் கேட்காமலே இழுத்துவிட்டது.

சாக்கு என் கையை விட்டுப் பறந்து, தலைகளுக்கு மேலாகப் போய், அவள் காலடியில் வரப்பில் விழுந்தது. கண்மாய் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, எழுநூறு எட்டும் ஒரே மூச்சில் பின்னால் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது, பனைகள் நிமிர்ந்தன. நான் மட்டும் வெறும் வயலில், மடைக்குழி இல்லாமல், சேற்றில் உட்கார்ந்திருந்தேன். கீழ்க்கண் திறந்துகொண்டது. மூன்று வருஷம் நின்ற தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு வந்து எங்களைத் தாண்டிப் போயிற்று.

மதினி குனிந்து சாக்கைப் புரட்டினாள். மு.கா. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, ஆனால் அந்த இரண்டு எழுத்தை எங்கள் வீட்டில் நூறு தடவை பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டு நெல்லை அந்தச் சாக்கில் அளந்து போட்டவளே அவள்தான். மற்ற பதிமூன்று பேரும் அந்தச் சாக்கை இப்போதுதான் பார்ப்பவர்கள் மாதிரி நின்றார்கள், இரண்டு பேர் ச்சே என்றுகூடச் சொன்னார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டமாட்டாளா என்று இருந்தது. சாக்கிலிருந்து முள்ளை, உள்ளே தள்ளித் திருப்பி, ஒரு நூல் அறாமல் கழற்றினாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சாக்கைப் பிழிந்து, நாலாக மடித்து, "இந்தாங்க கொழுந்தனாரே" என்று கொடுத்தாள்.

தண்ணீர் அவள் வயலை எட்டியது. நெல் பால் பிடித்தது, நின்றது, விளைந்தது. எங்கள் வயல்கள் ஒரு சாண் வண்டலோடு வெளியே வந்தன, அடுத்த போகத்தில் என்றைக்கும் இல்லாத விளைச்சல். தப்பு செய்தவனுக்கு இப்படியா கொடுக்கவேண்டும் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அது பிறகு. அவள் அறுப்புக்குப் பதினாலு பேரும் கூப்பிடாமலே அரிவாளோடு போனோம், வேண்டாம் என்று சொல்லவில்லை, மோர் கொடுத்தாள், எல்லாருக்கும் சமமாக ஊற்றினாள். களம் ஒதுங்கிய நாலாம் நாள் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

நான் ஓடினேன். "மதினி, அதான் தண்ணி வந்துருச்சுல்ல. இனிமே முறை தப்பாம வரும். நான் பொறுப்பு. எதுக்குப் போறீங்க?"

அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் பையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, எனக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னாள்: "கண்ணு தூந்துபோச்சு, தண்ணி வர வழியில்லைன்னு நெனச்சுக்கிட்டு மூணு வருசம் இருந்தேன் கொழுந்தனாரே. இருக்க முடிஞ்சுச்சு. வழி இருந்துச்சுன்னு தெரிஞ்சப்புறம் ஒரு நாள் இருக்க முடியல."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். சோலார் கம்பெனிக்காரர்கள் இன்னும் வரவில்லை. கீழ்க்கண்ணை இப்போது நாங்கள் முறை தப்பாமல் திறக்கிறோம். ஒவ்வொரு வாரமும் அவள் நாளில் தண்ணீர் தொள்ளாயிரம் எட்டும் நடந்து போய் அவள் வயலை நிறைத்து, வயல் வாயை அடைத்துவிட ஆள் இல்லாமல், வரப்பு வழிந்து கருவேலங்காட்டுக்குள் போகிறது. பதினாலு பேரில் ஒருவரும் இதுவரை தண்ணீர் வீணாகிறதே என்று சொன்னதில்லை.